முன்பாரம்

விம்கோ நகரில் எங்கள் தெருக்கோடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரி, திருவொற்றியூர்த் தியாகராஜர் கோயில் மாசித் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக, வீடுகளில் ஆட்கள் ஏறி நின்று எடை பார்த்துக்கொள்ளும் சிறு மெஷின் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது, அங்கே கூடியிருந்த நாங்கள் அத்தனை பேரும் அவர் தம்முடைய தேக பாரத்தைத்தான் பரீட்சை செய்யப் போகிறார் என்று எண்ணிச் சிரித்தோம். அவரோ எங்களைச் சட்டை செய்யாமல், திருவிழா விளக்குகளுக்காக வந்து நின்ற ஜெனரேட்டர் வண்டியை அதை இழுத்துவந்த பொலேரோவிலிருந்து கழற்றி, தரை சமமாக இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, வண்டியின் மூக்கு பொலேரோவில் மாட்டியிருக்கும்போது எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் நிற்கும்படி ஒரு கட்டையை அளந்து அறுத்து முட்டுக்கொடுத்து, அந்தக் கட்டையின் அடியில் மெஷினை வைத்தார். முள் 20 கிலோவில் நின்றது. "பாரு சார், மொத்த வண்டி ஆயிரம் கிலோ. மூக்குல இருபது கிலோதான் உட்காருது. ஆடாம இன்னா பண்ணும்?" என்றார் என்னைப் பார்த்து.

என்னைப் பார்த்துச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நான்கு நாள் முன்பு அதே ஜெனரேட்டரை எண்ணூரிலிருந்து இழுத்துவந்த அதே பொலேரோவில், ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்துவரும் பாக்கியம் எனக்கு வாய்த்திருந்தது. இடது புறத்தில் கடலும், கடலரிப்புக்காகக் கொட்டிய கருங்கற்களும் கூடவே வருகிற எண்ணூர் விரைவுச் சாலையில், கன்டெய்னர் லாரிகளின் வரிசை அதிசயமாகக் கலைந்து வழி விட்டிருந்த ஒரு காலை நேரத்தில், வேகமுள் 50-ஐத் தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ எங்கள் வண்டியின் இடுப்பைப் பிடித்து மெள்ள இடப்புறம் தள்ளியது போல் இருந்தது, பிறகு வலப்புறம், பிறகு மறுபடியும் இடப்புறம், முன்னைவிடச் சற்று அதிகமாக. கண்ணாடியில் பார்த்தால் ஜெனரேட்டர் நாயின் வால் போல ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டிவந்த பிள்ளை சுபாவமாக யாரும் செய்கிற காரியத்தைச் செய்தான்; பிரேக்கை மிதித்தான். ஆட்டம் இரட்டிப்பாயிற்று. பயத்திலோ பதற்றத்திலோ அவன் கால் பிரேக்கை விட்டு விலகி, ஆக்ஸிலேட்டருக்கும் போகாமல் நடுவில் நின்றுவிட்டதும், ஸ்டியரிங்கை அவன் இரும்பாகப் பிடித்துக்கொண்டு நேராகவே வைத்திருந்ததும்தான் எங்களைக் காப்பாற்றின. தானாக வேகம் குறைந்தது. தானாக ஆட்டமும் அடங்கிற்று. அவன் செய்த இரண்டாவது காரியம்தான் சாஸ்திரப்படி சரியானது என்பதை மேஸ்திரி சொல்லித்தான் நாங்கள் இருவரும் தெரிந்துகொண்டோம்.

இந்த விஷயத்துக்கு மேல்நாட்டார் பெரிய நூல்களும் அட்டவணைகளும் வைத்திருக்கிறார்கள். நம்முடைய பாஷையிலோ இதற்கு ஒரே ஒரு சொல், மாட்டு வண்டிக்காரர் வாயிலிருந்து வந்த சொல், வெகு காலமாக இருக்கிறது. முன்பாரம் என்பது அது. அதன் எதிர்ச்சொல் பின்பாரம். என் பாட்டனார் ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகே ஒற்றைக் கட்டை வண்டி வைத்து ஜீவனம் செய்தவர்; சிறு பிராயத்தில் அவரிடம் நான் பார்த்த ஒரு வழக்கத்தின் அர்த்தம், பிற்பாடு பௌதிக சாஸ்திரம் படித்தபோதுகூட எனக்கு எட்டாமல், இந்த ஜெனரேட்டர் வண்டியின் பக்கத்தில் நின்றபோதுதான் எட்டியது. மூட்டைகளை ஏற்றி முடித்ததும், மாடுகளைக் கொண்டுவந்து பூட்டுவதற்கு முன்னால், அவர் தனியாக வண்டியின் முன்னே போய் நின்று, நுகத்தடியை இரு கையாலும் பற்றி ஒரு முழம் தூக்கிப் பார்ப்பார். தூக்கவே முடியாதபடி அது தரையைப் பார்த்து அழுத்தினால், "முன்பாரம், ரெண்டு மூட்டையைப் பின்னே தள்ளு" என்பார். தொட்டவுடனே அது ஆகாயத்துக்கு எழும்பினால், ஏற்றிவிட்ட ஆட்களின் தாயாரையும் தகப்பனாரையும் விசாரித்துவிட்டு, மூட்டைகளை முன்னே இழுக்கச் சொல்லுவார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் பிடரியில் புண் வரும். பின்பாரம் ஆனாலோ நுகம் மேலே தூக்கிக்கொண்டு, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஆகவே மாட்டின் கழுத்தில் ஒரு மிதமான பாரம் எப்போதும் உட்கார்ந்தே இருக்க வேண்டும், அது எவ்வளவு என்பதை என் பாட்டனாரின் உள்ளங்கை அறிந்திருந்தது. பேசின் பாலத்து ஏற்றத்தில் வண்டி ஏறும்போது அவர் எழுந்து முன்னுக்கு வந்து ஏர்க்காலின் மீது உட்கார்ந்துகொள்வதையும், இறக்கத்தில் பின்னுக்கு நகர்வதையும் நான் ஏதோ உற்சாகத்தில் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். ஏற்றத்தில் பாரத்தின் மையம் அச்சுக்குப் பின்னால் சாய்கிறது, இறக்கத்தில் முன்னால் விழுகிறது, அந்த வித்தியாசத்தை மனிதர் தம் உடம்பையே எடைக்கல்லாக்கிச் சரிக்கட்டிக்கொண்டிருந்தார்.

மாடு போய் மோட்டார் வந்தபோது நுகத்தடியின் ஸ்தானத்தை ஓர் எஃகுக் குமிழ் பிடித்துக்கொண்டது. இழுக்கிற வண்டியின் பின்புறத்தில், பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்கும் அந்தக் குமிழின் மீது, இழுபடுகிற வண்டியின் மூக்கிலுள்ள கிண்ணம் கவிழ்ந்து பூட்டிக்கொள்கிறது. அந்தக் குமிழின் மீது செங்குத்தாக எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை இருக்க வேண்டும் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 10 என்பது பொதுவாக வழங்கும் கணக்கு. பிரிட்டனில் வீட்டு வண்டிகளை இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போகிறவர்கள் 5 முதல் 7 வரை போதும் என்கிறார்கள். தேசத்துக்குத் தேசம் வேகமும் வண்டிகளின் அமைப்பும் மாறுபடுவதால் அளவு மாறுகிறதே தவிர, பாரம் அச்சுக்குச் சற்று முன்னால்தான் இருக்க வேண்டும் என்பதில் எந்தத் தேசத்தாருக்கும் அபிப்பிராய பேதம் கிடையாது.

கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். ஜெனரேட்டர் வண்டியில் அச்சிலிருந்து குமிழ் வரைக்கும் 3 மீட்டர். மூக்கில் 100 கிலோ நிற்க வேண்டுமானால், ஆயிரம் கிலோவின் மையம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் இருந்தாக வேண்டும். எங்களுடைய வண்டியிலோ 200 லிட்டர் டீசல் பீப்பாய் ஒன்றை, இறக்க ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் வாலில், அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் நிறுத்தியிருந்தான். நிறைந்த பீப்பாய் சுமார் 185 கிலோ. மேஸ்திரி அதை 1.3 மீட்டர் முன்னுக்கு, அநேகமாக அச்சின் தலைக்கு மேலேயே வரும்படி நகர்த்திக் கட்டினார். மெஷின் முள் 20-லிருந்து 100-க்கு வந்து நின்றது. மொத்த எடையில் ஒரு கிலோ கூடவில்லை, ஒரு கிலோ குறையவுமில்லை. டீசல் தீரத் தீர என்ன ஆகும் என்று நான் கேட்டேன். அச்சின் மேல் நிற்கிற பீப்பாய் காலியானாலும் மூக்கின் பாரம் மாறாது, வாலில் நிற்கிற பீப்பாய்தான் நிறைந்திருக்கும்போது ஒரு குணமும் காலியாகும்போது ஒரு குணமும் காட்டும் என்று பதில் வந்தது. இதைவிடப் பெரிய வண்டியானால் வீட்டு மெஷின் தாங்காதே என்றதற்கு, மூன்றடிப் பலகை ஒன்றின் ஒரு முனையைச் செங்கல்லின் மீதும் மறு முனையை மெஷினின் மீதும் வைத்து, செங்கல்லிலிருந்து ஓர் அடி தள்ளி மூக்கை உட்கார வைத்தால், முள் காட்டுவது போல் மூன்று மடங்கு என்று கொள்ளலாம் என்றார். வேறு செலவு கிடையாது.

பின்பாரமான வண்டி ஏன் ஆடுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. இழுபடுகிற வண்டி ஒரு பக்கமாகச் சிறிது விலகும்போது, பாரம் அச்சுக்கு முன்னால் இருந்தால் சக்கரங்கள் அதைத் திரும்ப நேராக்குகின்றன. பாரம் அச்சுக்குப் பின்னால் இருந்தாலோ, அந்தப் பாரமே விலகலைப் பெரிதாக்கிக்கொண்டு, முன் வண்டியின் பின்புறத்தையும் குறுக்கே தள்ளுகிறது. அத்துடன், மூக்கு மேலே தூக்குவதால் முன் வண்டியின் பின்சக்கரங்கள் தரையை அழுத்தும் சக்தியை இழந்து, தள்ளுவதைத் தாங்க மாட்டாமல் வழுக்குகின்றன. ஒரு வேகம் வரையில் ஆட்டம் தானே அடங்கும். அந்த வேகத்தைத் தாண்டினால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். முன்பாரம் மிதமிஞ்சிப் போனால் வேறு வகை ஆபத்து: இழுக்கிற வண்டியின் பின் பட்டைகள் அமுங்கி, முன்சக்கரங்கள் லேசாகி, ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது, இரவில் விளக்கு சாலையை விட்டுவிட்டு மரக்கிளைகளைக் காட்டிக்கொண்டு போகும்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. மூக்கின் பாரம் சரியாக வந்துவிட்டது என்பதற்காக நிம்மதி அடைந்துவிடக் கூடாது. ஓர் எந்திரத்தை முன்கோடியிலும் இன்னொன்றைப் பின்கோடியிலும் வைத்து, நடுவைக் காலியாக விட்டாலும் தராசில் அதே 100 கிலோ வரும். பால்காவடி எடுத்தவர்களுக்கு இது விளங்கும். இரண்டு முனைகளிலும் குடம் தொங்குகிற தண்டு தோளில் எவ்வளவு சமனாக நின்றாலும், கூட்டத்தில் ஒருவர் இடித்து அது ஒருமுறை சுழல ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது எத்தனை கடினம்! கனமானதெல்லாம் அச்சை ஒட்டி இருக்க வேண்டும், லேசானவை கோடிகளுக்குப் போகலாம்.

நம்முடைய நாட்டில் இந்த ஞானம் அறவே அழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். காசிமேட்டிலிருந்து விடியற்காலையில் ஐஸ் சொட்டச் சொட்டப் புறப்படுகிற மீன் பாடி வண்டியில், சுமை முன்னே, ஓட்டுகிறவர் பின்னே. மீன்கூடைகளை நுனிக்குத் தள்ளி அடுக்கினால் ஒரு பிரேக்கில் பின்சக்கரம் அந்தரத்தில் எழும்பும் என்பதை அந்த வண்டிக்காரருக்கு யாரும் போதிக்க வேண்டியதில்லை. கரும்பு வெட்டும் காலத்தில் விழுப்புரம், கடலூர்ப் பக்கம் போகிறவர்கள், மலை போல் கரும்பேற்றிய டிரெய்லரின் பாரம் கொக்கியில் உட்கார்ந்து, டிராக்டரின் முன்சக்கரங்கள் இரண்டும் குதிரை போல் எழுந்து நிற்பதைப் பார்த்திருக்கலாம். வேடிக்கை பார்ப்பவர்கள் அதை ஓட்டுகிறவருடைய சாமர்த்தியம் என்று கைதட்டுகிறார்கள். மூக்கில் பாரம் தப்பிப்போனதற்கு அதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி கிடையாது. டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்தால் அடியில் அகப்படுகிறவர் கைதட்டியவர் அல்ல.

ஆனால் என்னுடைய விசனம் ஜெனரேட்டரைப் பற்றியதும் அல்ல, கரும்பைப் பற்றியதும் அல்ல. தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டிருக்கிற எங்கள் ஊரில், மெட்ரோ ரயில் 2021-இல் தலைக்கு மேலே வந்து சேர்ந்த பிறகும், தரையின் அதிபதிகள் கன்டெய்னர் டிரெய்லர்கள்தான். சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் பெட்டி முனையம் ஏற்பட்டதிலிருந்து தொடங்கிய ஊர்வலம், 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும் அதன் பிறகு காட்டுப்பள்ளியும் வந்ததில் திசைகள் பெருகிப் பெரிதாயிற்றே ஒழியக் குறையவில்லை. இந்த டிரெய்லர்களுக்குக் குமிழ் கிடையாது. இழுக்கிற வண்டியின் முதுகில் ஃபிப்த் வீல் என்கிற கிரீஸ் தடவிய அகன்ற தட்டு இருக்கிறது, டிரெய்லரின் அடியிலிருந்து இறங்குகிற கிங் பின் அதில் போய்ப் பூட்டிக்கொள்கிறது. தத்துவம் என்னவோ என் பாட்டனாரின் நுகத்தடித் தத்துவமேதான். கிங் பின்னிலிருந்து பின் அச்சுகளின் நடுவரைக்கும் 8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 24 டன் எடையுள்ள பெட்டியின் மையம் ஒரே ஒரு மீட்டர் பின்னால் போவதால், ஃபிப்த் வீலின் மீது இருக்க வேண்டிய 3 டன் அங்கே இல்லாமல் போகிறது. மழையில் மேம்பாலம் ஏறும்போது இழுக்கிற சக்கரங்கள் உருண்டுகொண்டே நின்ற இடத்தில் நிற்பதற்கும், இறங்கும்போது டிரெய்லர் குறுக்கே மடிவதற்கும் இது இடம் கொடுக்கும். முன்னால் போனாலோ அந்த 3 டன் இழுக்கிற அச்சின் மீது அதிகப்படியாக ஏறி டயரையும் பிரேக்கையும் தின்னும்.

இப்படியெல்லாம் மையம் நகருமா, பெட்டி நிறையச் சரக்கு இருக்குமே என்று கேட்பவர்கள் கருங்கல்லை எண்ணிப் பார்க்க வேண்டும். நம்முடைய மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து போகிற கிரானைட் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2.7 டன் கனம். 20 டன் கல் என்பது ஏழரை கன மீட்டருக்குள் அடங்கிவிடும்; இருபதடிப் பெட்டியின் உள்ளிடமோ சுமார் 33 கன மீட்டர். அத்தனை கல் ஏறியும் நாலில் ஒரு பங்குகூட நிறைவதில்லை. மிச்ச இடமெல்லாம் காற்று. அந்தக் கல்லை நடுவில் பரப்பி வைத்துக் கட்டைகள் கொடுத்து இறுக்குவதா, ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போகச் சிரமமென்று கதவோரமாகவே இறக்கிவிட்டுக் கதவைச் சாத்துவதா என்பதை நிச்சயிப்பவர், எங்கோ ஒரு கொட்டகையில், சம்பளத்துக்கோ மூட்டைக் கூலிக்கோ அந்திக்குள் வேலையை முடிக்க வேண்டிய ஒருவர். பிறகு கதவுக்கு சீல் வைக்கப்படுகிறது. அதன் பிறகுதான் ஓட்டுநர் காட்சிக்கு வருகிறார். தாம் இழுக்கப் போகிற பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைத் திறந்து பார்க்கும் உரிமை அவருக்கு இல்லை. சீலை உடைத்தால் வேலை போகும், வழக்கும் வரும். என் பாட்டனார் தம் வண்டியில் தாமே ஏற்றினார், தாமே நுகத்தைத் தூக்கிப் பார்த்தார், தப்பு நேர்ந்தால் தாமே அனுபவித்தார். இன்றைக்கு ஏற்றுகிறவர் ஒருவர், இழுக்கிறவர் இன்னொருவர், இருவருக்கும் நடுவில் பேச்சுக்கே இடமில்லாமல் ஒரு முத்திரை. விபத்து நேர்ந்த மறுநாள் செய்தியில் வருவதோ, ஓட்டுநரின் அஜாக்கிரதை என்ற ஒரே வாசகம்.

மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்ற வள்ளுவர் வாக்கை நாம் சட்டமாகவே இயற்றி வைத்திருக்கிறோம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 113-ஆம் பிரிவு எடையை வரையறுக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட 194-ஆம் பிரிவு, அதை மீறி ஓட்டியவருக்கோ ஓட்டச் செய்தவருக்கோ 20,000 ரூபாயும், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. மொத்த எடையின் உச்சவரம்பு 2018-இல் 49 டன்னிலிருந்து 55 டன்னாக உயர்த்தப்பட்டது. உலக அளவிலும் இதே கதைதான். 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் பழுதாகி டெவன் கடற்கரையில் தட்டிய எம்.எஸ்.சி. நபோலி கப்பலில், மேல்தட்டில் நனையாமல் மிஞ்சிய 660 பெட்டிகளை எடுத்து நிறுத்துப் பார்த்ததில், 137 பெட்டிகள் தாளில் எழுதிய எடைக்கு 3 டன்னுக்கு மேல் வித்தியாசப்பட்டன. அத்தகைய அனுபவங்களின் பயனாக 2016 ஜூலை 1 முதல், நிறுத்துச் சரிபார்த்த எடையைத் தெரிவிக்காமல் எந்தப் பெட்டியையும் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற சர்வதேச விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் அதுவும் எவ்வளவு என்று கேட்கிறதே ஒழிய, எங்கே என்று கேட்கவில்லை. எங்கே என்பதைச் சொல்லும் நூலும் ஒன்று உண்டு: சரக்குப் பெட்டிகளை அடுக்கும் முறைமை பற்றி ஐக்கிய நாடுகளின் மூன்று ஸ்தாபனங்கள் சேர்ந்து 2014-இல் வகுத்த நெறிமுறை, பாரத்தின் மையம் பெட்டியின் நடுவிலிருந்து அதன் நீளத்தில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் விலகலாகாது என்பதைப் பொது விதியாக வைக்கிறது. இருபதடிப் பெட்டிக்கு அது ஒரு சாண் நாலு விரல். ஆனால் நெறிமுறை வேறு, சட்டம் வேறு. மீறினால் கேட்பார் யாருமில்லை.

நியாயத்துக்காக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நம்முடைய மோட்டார் வாகனச் சட்டம், மொத்த எடையோடு நிற்காமல், ஒவ்வோர் அச்சுக்கும் உரிய எடை வரம்பையும் வகுத்திருக்கிறது. அது வாஸ்தவமே. ஆனால் அந்த வாசகம் வாக்கியமாகத் தாளில் இருக்கிறது, எண்ணாக ஓட்டுநரின் கைக்கு வருவதில்லை. எடை மேடையில் வண்டியை முழுவதுமாக ஏற்றி நிறுத்தி அவருக்குத் தருகிற சீட்டில் பெரும்பாலும் மூன்றே கட்டங்கள்: மொத்த எடை, காலி எடை, நிகர எடை. வண்டியின் எந்தக் காலில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அந்தச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்தாலும் வழியில்லை. என்னுடைய யோசனை மிகச் சிறியது. நான்காவதாக ஒரு கட்டம் வேண்டும். அதற்கு முன்பாரம் என்று பெயர் வைக்கட்டும். டிரெய்லர் என்ற பெயரில் வருகிற எதையும் மேடை இரண்டு தவணையாக, முதலில் இழுக்கிற வண்டியின் சக்கரங்களை மட்டும், பிறகு முழுவதையும் என்று நிறுத்து இரண்டு எண்களையும் எழுதித் தர வேண்டும். முதல் எண்ணிலிருந்து இழுக்கிற வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் முன்பாரம் வந்துவிடும். அந்த எண் தகாததாக இருந்தால் பெட்டியை ஏற்க மறுக்கும் உரிமை ஓட்டுநருக்கும், அதற்கான செலவு பெட்டியை அடுக்கிச் சீல் வைத்தவருக்கும் போக வேண்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் கனரக லைசென்ஸுக்கு வருகிறவர்களுக்கு எட்டுப் போடச் சொல்லித் தருவதில் பாதி நேரத்தையாவது இந்த நுகத்தடி விஷயத்துக்கு ஒதுக்கலாம்.

இருபது வருஷமாக இதே சாலையில் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆனதில்லை என்று சொல்லும் அனுபவஸ்தர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பொய் சொல்லவில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் விரைவுச் சாலையிலும் துறைமுக வாசலை நோக்கி ஆமை போல் நகர்ந்து, டீ குடித்து, மறுபடி நகர்கிற வண்டிக்கு முன்பாரம் இருந்தாலென்ன, பின்பாரம் இருந்தாலென்ன? நெரிசல் எல்லாத் தப்பையும் மூடி மறைக்கிற மகா பெரிய போர்வை. ஆனால் அதே பெட்டி மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரைக்கும் 62 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிற வெளிவட்டச் சாலையில் ஏறி, டாப் கியரில் விழுந்தவுடன் போர்வை விலகிவிடுகிறது. நெரிசலைத் தீர்க்கப் புதிய சாலைகள் போடுகிற அரசாங்கம், அந்தச் சாலைகளே பழைய தப்புகளையெல்லாம் பரீட்சிக்கப் போகின்றன என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் யோசித்துக்கொண்டே போன மாதம் ஒரு நாள், எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் டிரெய்லர் ஓட்டுநருடன், மணலிச் சாலைப் பக்கம் ஓர் எடை மேடைக்குப் போனேன். அவர் வண்டியில் 24 டன் என்று எழுதிய இருபதடிப் பெட்டி. முந்திய வாரமும் ஏறக்குறைய அதே எடையில் ஒரு பெட்டியை இழுத்து, அப்போதும் நாங்கள் இதே போல் இழுக்கிற வண்டியின் சக்கரங்களை மட்டும் தனியே நிறுத்து எண்ணை அவர் கையேட்டில் குறித்து வைத்திருந்தோம். மேடையில் இருந்த பையனிடம், "தம்பி, முன்னாடி வண்டியை மட்டும் ஏத்துறோம், என்ன காட்டுதுன்னு சொல்லு" என்றார் இவர். இரண்டு தடவை ஏறினால் இரண்டு சீட்டுக்குக் காசு என்று அவன் சொன்னான், சரி என்றோம். போன வாரத்து எண்ணைவிட இரண்டரை டன் குறைவாக வந்தது. கணக்குப் போட்டால், உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருந்த சரக்கு நடுவை விட்டு 80 சென்டிமீட்டருக்கு மேல் கதவுப் பக்கமாகப் போயிருந்தது. ஓட்டுநர் ஒரு முறை பெட்டியின் சீலைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, பெட்டியை அனுப்பியவர்களிடம் ஏதோ பேசிப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டே வைத்துவிட்டு, இன்றைக்கு நாற்பதுக்கு மேல் போவதில்லை என்றார். பையன் சீட்டை அச்சடித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த முதல் எண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று என்னைக் கேட்டான். மூன்று கட்டங்களையும் பார்த்துவிட்டு, சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன்.